ஏழாம் சுற்றுத் தண்ணீர்

அன்புள்ள அத்தை,

இன்று காலை முகம் கழுவக் குழாயைத் திறந்தபோது ஒரு வாசனை வந்தது. ஊறிப்போன கரியும் புளித்த மாவும் சேர்ந்தாற்போன்ற வாசனை. பூனா ஹிஞ்சேவாடியில் என் மகளின் வீட்டில் இப்போது இருக்கிறேன். பதினோராவது மாடி. இந்தக் கட்டடத்தில் எல்லார் வீட்டுக் கழிவுநீரையும் சுத்தப்படுத்திக் கக்கூஸ் தொட்டிகளுக்கு மட்டும் திருப்பி விடுவார்கள். நேற்று வந்த பிளம்பர் எந்தக் குழாயை எதில் மாட்டினானோ, அந்தத் தண்ணீர் முகம் கழுவும் இடத்தில் வந்துவிட்டது. "மம்மி, அது கந்தா பானி, அழுக்குத் தண்ணி! கீழ போடு, கீழ போடு!" என்று மகள் கத்தினாள். நான் உள்ளங்கையில் ஏந்தியதைக் கொட்ட மனமில்லாமல் மோந்துகொண்டே நின்றேன்.

அந்நாளில் நான் வேலை பார்த்த நிலையத்துத் தட்டுகளின் வாசனை அது. நீங்கள் ஒரே ஒரு முறை மோந்துவிட்டு, "இது தண்ணியே இல்ல, புள்ள" என்று சொன்ன வாசனை. நீங்கள் போய் நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. உங்களிடம் நான் சொன்ன ஒரு பதிலைத் திருத்த வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பாளையங்கோட்டையிலிருந்து உங்கள் வீட்டுக்கு மருமகளாக நான் வந்தபோது எனக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. விலங்கியல் படித்த ஒரு பட்டம் மட்டும் பெட்டியில் இருந்தது. போபோடியில் தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் இரண்டு அறை வீடு. உங்கள் மகனுக்குக் கட்கியில் ஃபாக்டரி வேலை. நீங்கள் கன்டோன்மென்ட் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா. பிறந்ததே பூனாவில்தான் என்றாலும் உங்கள் தாய் தகப்பனின் திருநெல்வேலிப் பேச்சு உங்கள் வாயில் அப்படியே இருந்தது. நடுநடுவே குழாய்க்கு "நள்ளு", வாளிக்கு "பால்டி", குப்பைக்கு "கச்சரா" என்று வந்து விழும்.

யாரையும் நம்பாத மனுஷி என்று சந்தில் உங்களுக்குப் பெயர். பால்காரனின் பாத்திரத்தில் விரலை முக்கி, அது வழிகிற வேகத்தைப் பார்ப்பீர்கள். கடைக்காரன் தராசைத் தூக்கினால் அவன் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சர்ச்சில் பாஸ்டர் ஜெபம் சொல்லும்போது நீங்கள் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருப்பதை வந்த முதல் ஞாயிறே பார்த்துவிட்டேன். வெளியே வந்து கேட்டதற்கு, "எல்லாரும் கண்ண மூடிட்டா யாரு பாக்க?" என்றீர்கள்.

இதற்கெல்லாம் காரணம் பிறகுதான் தெரிந்தது. மாமா காய்ச்சலோடு படுத்திருந்தது நீங்கள் வேலை பார்த்த அதே வார்டில். கட்டில் தலைமாட்டில் தொங்கிய சீட்டில் தினமும் ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் ஒருத்தி, "தேறி வர்றாருன்னு போட்டிருக்கு" என்று படித்துச் சொன்ன மறுநாள் காலை அவர் இல்லை. "அன்னையிலேர்ந்து எழுதி வச்சத நான் நம்புறதில்ல. கண்ணால பாத்தா சரி" என்று ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னீர்கள். குரலில் அழுகை இல்லை.

எழுபதுகளின் நடுவில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. ஆற்றங்கரைப் பக்கம், மதில் எழுப்பிய ஒரு சின்னக் கட்டடம். கொசு வளர்க்கும் நிலையம். உங்களிடம் அதைச் சொன்ன அன்று நீங்கள் அரிவாள்மணையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது.

"கொசுவ அடிக்கிற வேலையா?"

"இல்ல அத்த. வளக்குற வேலை."

"ஆட்ட வளக்கான், மாட்ட வளக்கான். கொசுவ எவனாம் வளப்பானா?"

எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். பகலில் கடிக்கிற வரிக்கொசு, எலும்பை முறிக்கிற காய்ச்சலைக் கொண்டு வருகிறது. அதில் கடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டை வைக்க அதற்கு ரத்தம் வேண்டும். ஆண் கொசு பூந்தேனும் இலைச்சாறும் குடித்துப் பிழைக்கும். நாங்கள் ஆண் கொசுக்களை ஆயிரக்கணக்கில் வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கி, வெளியே விடுவோம். அவற்றோடு சேர்கிற பெண்களின் முட்டை பொரிக்காது. கொசு குறையும், காய்ச்சல் குறையும்.

நீங்கள் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஆம்பளயத்தான் விடுதீங்கன்னு யாரு பாத்தா?" என்றீர்கள்.

"நாந்தான் பாக்கேன் அத்த. பிரிக்கிற வேலையே எனக்குத்தான்."

உண்மையும் அதுதான். கொசுப் புழுக்கள் வெள்ளை எனாமல் தட்டுகளில் வளரும். நாய் பிஸ்கோத்தைப் பொடித்து ஈஸ்ட்டோடு கலந்து தூவுவோம். ஒரு வாரத்தில் புழு உருண்டு கூட்டுப்புழு ஆகும். ஆண் கூட்டுப்புழு சின்னது, பெண் பெரிது. சல்லடையில் ஊற்றினால் சின்னது கீழே இறங்கும், பெரியது மேலே தங்கும். மேலே தங்கியதில் முட்டைக்கு வேண்டிய அளவு வைத்துக்கொண்டு மீதியைக் கொதிநீரில் கொட்டுவோம். என்னோடு அந்த வேலையைச் செய்தவள் மாலதி. அவளும் போபோடிதான், நமக்கு இரண்டு சந்து தள்ளி வீடு. என் டிபனில் தோசை இருந்தால் அவளுக்கு, அவள் டிபனில் தாலிபீட் ரொட்டி இருந்தால் எனக்கு. மராத்தியை எனக்குக் கற்றுத் தந்தவளே அவள்தான்.

அந்தக் கோடையில் கடக்வாஸ்லா அணையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. நம் சந்துக் குழாயில் காலை ஒரு மணி நேரம், அதுவும் நூல் மாதிரி. ஆனால் எங்கள் நிலையத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் டாங்கர் வந்தது. குழாயடியில் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். "டாஸ்வாலி", கொசுக்காரி, என்று எனக்குப் பெயர் வைத்ததும் அப்போதுதான்.

"கொசுவுக்கு டாங்கர், மனுசனுக்கு நள்ளுல காத்தா?" என்று நீங்கள் வீட்டில் கேட்டீர்கள்.

"நாங்க தண்ணிய வீணாக்குறதில்ல அத்த. தட்டுத் தண்ணிய மணல்லயும் கரியிலயும் வடிகட்டித் திருப்பித் திருப்பி ஊத்துதோம். எங்க ஆபீசர் சாகேப் அவரு கையாலயே தொட்டி கட்டிருக்காரு."

மறுநாள் டியூட்டி முடிந்து வரும் வழியில் நிலையத்தின் மதிலைச் சுற்றி நடந்து, பின்பக்கம் சாக்கடை வெளியேறும் இடத்தில் குனிந்து கையை விட்டுப் பார்த்திருக்கிறீர்கள். வாட்ச்மேன் வந்து என்னிடம் புகார் சொன்னான். எனக்கு வெட்கமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து கேட்டால், "காஞ்சு கெடக்கு. அப்ப உள்ளதான் சுத்துது" என்றீர்கள், அதில் எந்தத் தப்பும் இல்லாதவர்போல. பிறகு, "ஆஸ்பத்திரித் துணிய ஒரே தண்ணில மூணாந்தடவ அலசுனா துணியில அழுக்கு ஏறும், எறங்காது. ஒங்க கொசுவுக்கு அப்பிடி ஒண்ணும் ஆவாதா?" என்று கேட்டீர்கள். படிக்காத மனுஷியின் கேள்வி என்று நினைத்து அன்று சிரித்தேன்.

நாங்கள் செவ்வாய்க்கிழமைகளில் கொசுவை விடுவோம். எந்த வாரத்துக் கொசு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க ஒவ்வொரு வாரமும் ஒரு வண்ணப் பொடியை மேலே தூவுவோம். அந்த வாரம் ரோஸ். இரண்டு நாள் கழித்து, மத்தியானம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும், தலையில் இருந்த முக்காட்டைக்கூட எடுக்க விடாமல் கூப்பிட்டு, கையில் ஒரு தீப்பெட்டியைக் கொடுத்தீர்கள்.

"தொறந்து பாரு."

உள்ளே பஞ்சின் மேல் ஒரு கொசு. நசுங்கியிருந்தது. வயிற்றில் சிவப்பாக ரத்தம்.

"எங் கையில உக்காந்து குடிச்சிட்டிருந்துது. மெதுவாத்தான் அடிச்சேன், ஒடையக் கூடாதுன்னு. முதுகப் பாரு."

முதுகில் ரோஸ் பொடி.

பெட்டியிலிருந்து என் லென்ஸை எடுத்து ஜன்னலருகே போய்ப் பார்த்தேன். ஆண் கொசுவின் மீசை இறகு போல அடர்ந்திருக்கும். இதன் மீசை மெல்லிய நூல். சந்தேகத்துக்கு இடமே இல்லை. நாங்கள் வளர்த்து, பொடி தூவி, வெளியே விட்ட பெண் கொசு.

"ஆம்பள கடிக்காதுன்னியே. இது யாரு?"

"ஒண்ணு ரெண்டு தப்பி வந்துரும் அத்த" என்றேன். நீங்கள் அலமாரி மேலிருந்து இன்னும் இரண்டு தீப்பெட்டிகளை எடுத்துக் கீழே வைத்தீர்கள். சந்தில் அப்போது இரண்டு வீடுகளில் காய்ச்சல் இருந்தது. "இத நள்ளுகிட்ட கொண்டுபோயிக் காட்டுனா, நாளைக்கே பொம்பளைங்க ஒங்க கேட்ட ஒடைப்பாளுவ. காட்டட்டுமா? இல்ல நீ பாக்கியா?"

"நான் பாக்கேன் அத்த. கொஞ்சம் பொறுங்க."

நான் முதலில் பார்த்தது மாலதியைத்தான். அதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. பிரிப்பது நாங்கள் இரண்டு பேர். என் கை சரி என்று எனக்குத் தெரியும். ஆகவே அவள் கைதான் தவறு என்று முடிவு கட்டினேன். அவள் சல்லடையைக் குலுக்கும்போது பின்னால் போய் நின்றேன். சல்லடையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கிழிசல் தேடினேன். அவள் பிரித்து வைத்ததை, அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் மறுபடி ஊற்றிச் சலித்தேன். மூன்றாம் நாள் அவள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஜ்யாவர் சன்ஷய்?" என்றாள். என்மேலயா சந்தேகம்? அவ்வளவுதான் கேட்டாள். அன்று மத்தியானம் டிபனைத் தூக்கிக்கொண்டு தனியாக வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள்.

அவள் பிரித்ததில் குறை இருக்கவில்லை. ஆனாலும் கூண்டில் பொரிந்து வந்ததைப் பார்த்தால், அவள் தொகுதியிலும் பெண் இருந்தது, என் தொகுதியிலும் அதே அளவு இருந்தது. சல்லடை சரி, கை சரி. அப்படியானால் கூட்டுப்புழுவே சின்னதாகிவிட்டதா என்று யோசித்தபோதுதான் உங்கள் ஆஸ்பத்திரித் துணி நினைவுக்கு வந்தது. வடிகட்டித் தொட்டிக்குப் போனேன். ஒரு தண்ணீர் எத்தனை முறை சுற்றியது என்று தொட்டிச் சுவரில் சாக்பீஸால் கோடு போடுவது வழக்கம். இரண்டு கோட்டுக்கு மேல் போனால் கொட்டிவிட வேண்டும் என்பது ஆரம்பத்தில் இருந்த விதி. அன்று சுவரில் ஏழு கோடுகள் இருந்தன.

புழு கழித்ததெல்லாம் அந்தத் தண்ணீரிலேயே தங்கி, அடுத்த புழுவின் வளர்ச்சியைக் குறுக்குகிறது என்று எனக்குத் தோன்றியது. பெண்ணும் ஆண் அளவுக்குச் சிறுத்துப்போனால் சல்லடை எப்படிப் பிரிக்கும்? ஆனால் நிரூபிக்க நல்ல தண்ணீர் வேண்டும். டாங்கர் தண்ணீர் நேரே பழைய தொட்டியில்தான் இறங்கும். வீட்டில் வந்து உங்களிடம் சொன்னேன், புலம்பலாகத்தான்.

மறுநாள் குழாயில் கிடைத்த இரண்டே குடத்தையும் தலையில் ஒன்று இடுப்பில் ஒன்றாக நிலையத்து வாசலுக்குக் கொண்டு வந்துவிட்டீர்கள். அன்று நம் வீட்டில் யாரும் குளிக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு செம்பு வாங்கித்தான் உலை வைத்தீர்கள். வாட்ச்மேனிடம், "மருமவளுக்கு டிபன்" என்றீர்களாம். இரண்டு குடத்தில் என்ன டிபன் என்று அவன் கேட்கவில்லை; உங்களிடம் கேட்க அவனுக்குப் பயம்.

பாத்திரம் கழுவும் கொட்டகையின் மூலையில் ஒரு வரிசைத் தட்டுகளில் உங்கள் தண்ணீரையும், எதிர் வரிசையில் ஏழாம் சுற்றுத் தண்ணீரையும் ஊற்றினேன். அப்போதுதான் நீங்கள் குனிந்து அதை மோந்து, "இது தண்ணியே இல்ல, புள்ள" என்றது. ஒரே முட்டை, ஒரே தீனி. வேறு யாரும் கலக்கிவிடக் கூடாது என்று தட்டுகளின் மேல் வெள்ளைத் துணி போட்டு, ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற முடிச்சாகப் போட்டுக் கட்டினீர்கள். தினமும் நாலு மணிக்கு டியூட்டி முடித்து வந்து, முடிச்சைச் சோதித்து, நீங்களே அவிழ்ப்பீர்கள். நான் தீனி தூவும்வரை நிற்பீர்கள். திரும்பக் கட்டிவிட்டுப் போவீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சந்தேகப்பட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். மாலதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு தன் தட்டுகளைக் கழுவினாள். யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் தண்ணீரில் வளர்ந்த பெண்கள் சல்லடையின் மேலேயே கொழுகொழுவென்று தங்கின. ஏழாம் சுற்றில் வளர்ந்தவை, ஆணும் பெண்ணும், மளமளவென்று கீழே இறங்கின. நீங்கள் இரண்டு கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தீர்கள்.

"சரி. போயி ஒஞ் சாகேபுட்ட சொல்லு."

சொன்னேன். சாகேப் கெட்ட மனிதர் இல்லை, அத்தை. அவர் முதலில் நம்பாமல், சல்லடையைத் தானே வாங்கிச் சலித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அந்த வறட்சியில் ஒரு கொசு நிலையம் மூடாமல் இருந்ததற்குக் காரணமே, தண்ணீரைத் திருப்பி உபயோகித்துச் சமாளிக்கிறோம் என்று அவர் மேலிடத்துக்கு எழுதியதுதான். அதைப் பார்வையிடப் பெரியவர்கள் சிலர் வருவதாக இருந்தது. "தேக்கோ, பார்," என்றார் மெதுவாக, "அவர்கள் வந்து போகட்டும். பிறகு எல்லாத் தண்ணீரையும் மாற்றிவிடுகிறேன். இப்போது வெளியே தெரிந்தால் இந்த இடம் இருக்காது. உன் வேலையும் இருக்காது, மாலதி வேலையும் இருக்காது. ஒரு வாரம்." கடைசியாக, "அதுவரை பொடி தூவ வேண்டாம்" என்றார்.

பொடி வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. கொசு விடுவது நிற்காது. யார் விட்டது என்று தெரியாது. நான் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் நீங்கள் வாசலிலேயே காத்திருந்தீர்கள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் அத்த. தண்ணிய மாத்தப் போறாவ."

"விடுறத நிப்பாட்டிட்டாவளா?"

"ம்" என்றேன்.

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பால்காரனை, கடைக்காரனை, பாஸ்டரைப் பார்க்கிற பார்வை அதுவாக இருந்திருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன். அப்படி இல்லை. நீங்கள் உள்ளே போய் மூன்று தீப்பெட்டிகளையும் எடுத்து அடுப்பில் போட்டீர்கள். மறுநாள் குழாயடியில் பெண்களிடம், "எம் மருமவ பாத்துட்டா. நிப்பாட்டியாச்சு. கேட்டுக்கெல்லாம் போவாண்டாம்" என்று மராத்தியில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. யாரையும் விசாரிக்காமல் நீங்கள் நம்பி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பார்வையிட வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. அடுத்த வாரம் என்றார்கள். பிறகு அதற்கடுத்த வாரம். மூன்று செவ்வாய்க்கிழமைகள் பொடியில்லாத கொசுக்களை விட்டோம். கூண்டைத் திறந்தது நான்தான். ஒவ்வொரு முறையும், இதோ முடியப்போகிறது, தண்ணீரை மாற்றிவிடுவார்கள், பிறகு யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டே திறந்தேன். வீட்டுக்கு வந்ததும் நம் தண்ணீர் டிரம்மின் மூடியைத் திறந்து புழு இருக்கிறதா என்று பார்ப்பேன். நாலைந்து இருக்கும். இருந்தால் எனக்குள் ஒரு நிம்மதி வரும். கொசு நிலையத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை அல்லவா? அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நாலாவது செவ்வாய்க்கிழமை நீங்கள் விழுந்தீர்கள். காலையில் குடத்தைத் தூக்கக் குனிந்தவர் நிமிர முடியவில்லை. மத்தியானத்துக்குள் உடம்பு கொதித்தது. கண்ணின் பின்பக்கம் குத்துகிறது, மூட்டெல்லாம் கழன்று விழுகிறது என்றீர்கள். ரிக்ஷாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு உங்கள் ஆஸ்பத்திரிக்கே போனோம். மாமா படுத்த அதே வார்டு. தலைமாட்டில் சீட்டைத் தொங்கவிட்டார்கள். நீங்கள் என் புடவையைப் பிடித்து இழுத்து, "என்ன எழுதிருக்கான்? நீ படி" என்றீர்கள்.

படித்தேன். எழுதியிருந்ததை அப்படியே சொன்னேன். அன்றாவது உங்களுக்கு நான் உண்மையைப் படித்தேன்.

வராந்தாவில் உட்கார்ந்து நாள்களைக் கூட்டிப் பார்த்தேன். நாங்கள் விட்ட பெண் கொசு, நம் சந்தில் காய்ச்சல்காரர் யாரையாவது கடித்து, பத்து நாள் உயிரோடிருந்து, பிறகு உங்களைக் கடித்திருந்தால் பொருந்தும். நம் டிரம்மில் பிறந்த கொசுவாக இருந்தாலும் பொருந்தும். பொடி தூவியிருந்தால் நீங்கள் அடித்து, பஞ்சில் வைத்து, எனக்குக் காட்டியிருப்பீர்கள். தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நானே மூடிவிட்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே நிலையத்துக்குப் போய், நடந்த எல்லாவற்றையும், பொடி தூவாத மூன்று வாரத்தையும் சேர்த்து எழுதி, ஒரு பிரதியை சாகேபிடமும் ஒன்றை மேலிடத்துக்குத் தபாலிலும் கொடுத்தேன். மாலதி தானாக வந்து கீழே கையெழுத்துப் போட்டாள். போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சாகேப் படித்துவிட்டு அதை மடித்து மேஜைமேல் வைத்தார். பிறகு வெளியே போய்த் தன் கையாலேயே தொட்டியின் அடைப்பைத் திறந்துவிட்டார். ஏழு கோட்டுத் தண்ணீர் சாக்கடையில் ஓடியது. கொசு விடுவது அன்றோடு நின்றது.

நீங்கள் எழுந்து உட்கார மூன்று வாரமாயிற்று. விரல் மூட்டுகளில் வலி மட்டும் போகவே இல்லை. அதற்குப் பிறகு உங்களால் குடத்தை இடுப்பில் வைக்க முடிந்ததில்லை. ஆஸ்பத்திரியில் உங்களைத் துணி அடுக்கும் லினன் அறைக்கு மாற்றினார்கள்.

மழை வந்தது, தண்ணீர் வந்தது. தட்டுத் தண்ணீரை இரண்டு முறைக்கு மேல் சுற்றுவதில்லை, ஒவ்வொரு முறையும் பாதி புதுத் தண்ணீர் சேர்ப்பது என்று விதி எழுதினார்கள். மறுபடி கொசு விட மேலிடம் அனுமதி கொடுத்தது, சந்து கொடுக்கவில்லை. சாகேபே நம் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார், செருப்பைக் கழற்றிவிட்டு. என்ன செய்தால் நம்புவீர்கள் என்று உங்களைக் கேட்டார்.

"ஒங்க கைய விட்டுக் காட்டுங்க" என்றீர்கள்.

ஒரு சனிக்கிழமைக் காலை குழாயடியில் கூண்டைக் கொண்டு வந்து வைத்தோம். சுற்றிலும் பெண்கள். சாகேப் சட்டைக் கையை முழங்கைவரை மடித்து உள்ளே விட்டார். நூற்றுக்கணக்கான கொசுக்கள் அவர் கையைச் சுற்றிப் பறந்தன, உட்கார்ந்தன, எழுந்தன. நீங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நிறுத்தினீர்கள். அவர் கையை எடுத்தபோது ஒரு தடிப்புகூட இல்லை. பெண்கள் கலைய ஆரம்பித்தார்கள். "நில்லுங்கட்டி" என்று அவர்களை நிறுத்தினீர்கள். "அவரு ரத்தம் கொசுவுக்குப் புடிக்காம இருக்கும்." பிறகு வலிக்கிற விரல்களோடு உங்கள் கையை உள்ளே விட்டீர்கள். இன்னொரு கால் மணி நேரம்.

கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாகேபை அல்ல, என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்: "இனிமே ஒவ்வொரு தடவையும் பொடி உண்டுல்லா?"

"உண்டு அத்த" என்றேன். தற்செயலாகக் கேட்டதாக நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து நிலையத்தை மூடிவிட்டார்கள். ஏன் என்று யாருக்கும் சரியாகச் சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரன் நம்மேல் கொசுவை விட்டுச் சோதனை செய்கிறான் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. மேலே சண்டை என்றும் சொன்னார்கள். "எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கும்" என்றீர்கள் நீங்கள். நான் கட்கியில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலைக்குப் போனேன். மாலதிக்கு நாசிக்கில் கல்யாணமாயிற்று. போகும் முன் நம் வீட்டுக்கு வந்து உங்களோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்னிடம் "யேதே", வருகிறேன், என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

எண்பதுகளின் நடுவில் நீங்கள் கடைசியாகப் படுத்தபோது அது காய்ச்சல் இல்லை; இதயம். டாக்டர் கை விரித்த பிறகு வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டோம். ஒரு மத்தியானம், உங்கள் மகன் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். நான் உங்கள் விரல்களுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு கேக்கணும்" என்றீர்கள்.

"கேளுங்க அத்த."

"நிப்பாட்டிட்டாவன்னு சொன்ன. நிப்பாட்டல. மூணு வாரம் பொடியில்லாம விட்டீங்க. நான் ஆஸ்பத்திரியில கெடக்கும்போதே மாலதி வந்து சொல்லிட்டா."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. ஏறக்குறைய பத்து ஆண்டுகள், அத்தை. ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கொடியில் துணி காயப்போட்டு, ஒரு வார்த்தை நீங்கள் கேட்கவில்லை.

"தப்புதான் அத்த" என்றேன்.

"அத நான் கேக்கல. வேலைக்குப் பயந்த. எனக்குத் தெரியும். நான் கேக்கது வேற. எனக்குக் காய்ச்சல் வராம இருந்திருந்தா, அந்த லெட்டர நீ எழுதிருப்பியா?"

"எழுதியிருப்பேன் அத்த" என்று உடனே சொன்னேன். யோசிக்க ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கோபமில்லை. "இவ்வளவு சீக்கிரமா சொல்லாத" என்றீர்கள். "யோசிச்சிட்டு சொல்லு." பிறகு தைலம் தேய்க்கச் சொல்லி இன்னொரு கையை நீட்டினீர்கள். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டீர்கள். நானும் யோசித்துச் சொல்லவில்லை.

யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். பள்ளியில் முப்பது வருஷம் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தினேன். அந்தக் கடிதம் எழுதியதைக் கேட்டு, சரியானதைச் செய்ததாக ஆசிரியர் அறையில் நாலு பேர் என்னைப் பாராட்டியதும் உண்டு. ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு குரல், இதை யாருக்குக் காய்ச்சல் வந்த பிறகு செய்தாய் என்று திருநெல்வேலித் தமிழில் கேட்கும். பால்காரனை நீங்கள் சந்தேகப்பட்டதுபோல நான் சந்தேகப்படுகிற ஒரே ஆள் நான்தான். அந்த நாலாவது செவ்வாய்க்கிழமை, நீங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்து போயிருந்தால், நான் கூண்டைத் திறந்திருப்பேனா, பேனாவைத் திறந்திருப்பேனா என்று எத்தனையோ தடவை அந்தக் காலையை மனதில் நடத்திப் பார்த்துவிட்டேன். சில தடவை எழுதுகிறேன். பல தடவை கூண்டருகே போய் நிற்கிறேன்.

ஆகவே அன்று சொன்ன பதிலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அத்தை. எழுதியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. நாற்பது வருஷம் யோசித்தும் இதுதான் என் பதில்.

உங்கள் மருமகள்